கனமான சார்ஜர்

அந்த அக்காவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. கடையில் நாலு பேர் நிற்கும்போது, நான் விலை சொல்லி விற்றுக்கொண்டிருக்கும் சாமானைக் கையிலிருந்து பிடுங்கி, மேசை ஓரத்து வைஸ் என்கிற இரும்புப் பிடியில் வைத்து இறுக்கி, டப்பென்று உடைத்து, உள்ளே இருப்பதை ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டி, "எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க" என்று காட்டினால் எந்தக் கடைக்காரனுக்குத்தான் ரத்தம் கொதிக்காது? எனக்குக் கொதித்தது. ஒருநாள் அந்தத் தட்டைத் தூக்கி ரோட்டில் எறிந்தேன். அக்கா இறங்கிப் போய், பஸ்ஸும் மினி லாரியும் போகிற வழியில் குனிந்து, ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி வந்து மறுபடியும் அதே தட்டில் வைத்தார்.

என் கடை மணமேல்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது. போன் கவர், இயர்போன், சார்ஜர், ரீசார்ஜ், இவ்வளவுதான். இடது மூலையில் ஒரு மேசை போட்டு, ரிப்பேர் பார்க்க அக்காவை உட்கார வைத்தது நான்தான். யாரும் என் தலையில் கட்டவில்லை. அவர் ஆவூர்ப் பக்கத்துக்காரர். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்தவர். இந்த ஊரில் வாக்கப்பட்ட தங்கச்சி வீட்டில் தங்கியிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பெயர், பட்டம், முத்திரை என்று வெளியே ஒட்டியிருக்கிற எதுவுமே அவருக்கு ஆகாது.

"தொறந்து பாத்தியா?" என்பதுதான் எதற்கும் அவர் கேட்கும் முதல் கேள்வி. தங்கச்சி வீட்டுக்காரர் புது மிக்சி வாங்கி வந்தபோது, அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன்னால் தலைகீழாகக் கவிழ்த்து நாலு திருகாணியையும் கழற்றிவிட்டார். அந்த மனிதர் அன்று சாப்பிடாமல் எழுந்து போனார். டிசம்பரில் மாதா கோயிலில் குடில் கட்டினார்கள். வைக்கோல், பஞ்சு, வண்ணக் காகிதம், அதன் மேலே மினுக்கும் சீரியல் பல்பு. எல்லாரும் கைகூப்பி நிற்க, இவர் மட்டும் குடிலுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு அந்த செட்டின் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மொத்தத்தையும் உருவி எடுத்தார்.

சாமியார் ஓடி வந்து, "ஏம்மா, பிள்ளைங்க ஆசையாக் கட்டுனது" என்றார்.

"வைக்கோலுக்குள்ள தீக்குச்சியைக் கொளுத்தி வெச்சாலும் வெளிச்சமாத்தான் சாமி இருக்கும்" என்றார் அக்கா.

பாட்டுக்குழுப் பெண்கள் அந்த வருஷம் முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவரைப் பெண் பார்க்க வந்த கதையை அவரே ஒருமுறை சொன்னார். மாப்பிள்ளை கம்பெனியில் மேனேஜர் என்றார்களாம். "அப்ப ஒங்க கைக்குக் கீழ வேலை பாக்குற ரெண்டு பேரோட நம்பர் குடுங்க, பேசிக்கிறேன்" என்று இவர் கேட்டாராம். பஜ்ஜியை அப்படியே தட்டில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்களாம். இதைச் சொல்லும்போது அக்கா சிரிக்கவில்லை. "நம்பர் குடுத்திருந்தா நல்ல ஆளுதான்னு அர்த்தம்" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. எதை வாங்கினாலும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்போம். சந்தையில் ஆட்டுக்குட்டியின் வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்ப்பது போல, அரிவாளை, பூட்டை, வலைக்குக் கட்டும் ஈயக் குண்டைத் தூக்கிப் பார்ப்பது போல. கனமாக இருந்தால் நல்ல சாமான். லேசாக இருந்தால் டூப்ளிகேட். சார்ஜரையும் அப்படித்தான் வாங்குவார்கள். கையில் வைத்து ரெண்டு தட்டு மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்து, தலையை ஆட்டிப் பையில் போட்டுக்கொள்வார்கள். நானும் அதைச் சொல்லித்தான் விற்றேன். "கையில வெச்சுப் பாருங்கண்ணே, கனத்தப் பாருங்க" என்பது என் வாயில் ஊறிப்போன வசனம். திருச்சி மொத்தக் கடைக்காரன் ஒரு வெள்ளைச் சார்ஜர் பெட்டியை என்னிடம் தள்ளியபோது அவனும் இதே வசனத்தைத்தான் சொன்னான். நானும் கையில் வைத்துப் பார்த்துத்தான் நாற்பது எடுத்து வந்தேன்.

நாற்பதில் முப்பத்தாறு போன பிறகுதான் அக்கா அதைக் கையில் எடுத்தார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தானே, அவரும் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். ஆனால் முகம் கறுத்துவிட்டது.

"இம்புட்டுச் சின்ன சாமான்ல இம்புட்டுக் கனம் எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

வைஸைத் திருகினார். பிளாஸ்டிக் ரெண்டாகப் பிளந்தது. ஒரு தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத சர்க்யூட் போர்டு ஒன்று வெளியே விழுந்தது. அதன் பின்னாலேயே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துருப்பிடித்த இரும்புத் துண்டு. எதிலும் இணைக்கப்படவில்லை. ஓட்டின் உள்பக்கத்தில் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். எடைக்காக. நம் உள்ளங்கையை ஏமாற்றுவதற்காக.

அக்கா போர்டை லென்ஸுக்கு அடியில் வைத்தார். அவர் போர்டு பார்க்கும்போது மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது. பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து லென்ஸுக்கு நேரே குனிய வைத்தார்.

"பாரு. இங்கிட்டு செவுத்துல இருந்து வர்ற கரண்டு. அங்கிட்டு போனுக்குப் போற கரண்டு. ரெண்டு வயலுக்கு நடுவுல வரப்பு போடுவோம்ல, அந்த மாதிரி இதுக்கு நடுவுல ஒண்ணுமே இல்லாத எடம் கெடக்கணும். நல்ல சாமான்ல என் சுண்டுவெரல் நகம் அகலத்துக்குக் கெடக்கும். இதுல பாரு, ஒரு முடி போறதுக்குத்தான் எடம். நம்ம ஊரு உப்புக் காத்துக்கு, ரெண்டு மழை பேஞ்சா இந்த எடம் பூத்துப்போயிரும். அப்பறம் செவுத்துக் கரண்டு நேரா போனுக்கு வந்துரும். போனப் புடிச்சிருக்கவன் கைக்கு வந்துரும்."

"ஃபியூஸ் இருக்கும்லக்கா?"

"எஃப்னு போர்டுல எழுதியிருக்கான். அந்த எடத்துல வெறும் கம்பியப் பத்த வெச்சிருக்கான்."

நான் கடைக்காரன் பேசுகிற பேச்சைப் பேசினேன். "வெலைக்குத் தக்கன சாமான்க்கா. இதுக்கு மேல எதிர்பாக்க முடியுமா?"

"வெலைக்குத் தக்கன உசுரா?" என்று கத்தினார். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இத்தன ரூவாய்க்கு இத்தன உசுருன்னு கணக்கு வெச்சிருக்கியா நீ?"

அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தில் பாதிகூட அந்தச் சார்ஜரைச் செய்தவன் மேல் வரவில்லை. அதை நினைத்துத்தான் இப்போது பல்லைக் கடிக்கிறேன். எவனோ ஒருத்தன், எங்கேயோ ஏசி ரூமில் உட்கார்ந்து அந்தப் போர்டை வரைந்திருக்கிறான். வரப்பு எத்தனை அகலம் வேண்டும் என்று படித்தவன்தான் அவன். படிக்காதவனுக்கு இவ்வளவு நெருக்கமாக வரையத் தெரியாது. ஃபியூஸ் வைக்க வேண்டிய இடத்துக்குப் பெயர் எழுதும் அளவுக்கு நியாயம் தெரிந்தவன். அப்புறம் எவனோ கணக்குப் போட்டு அந்த ஃபியூஸை எடுத்திருக்கிறான். ஃபியூஸ் வைக்கக் காசில்லை, இரும்பு வைக்கக் காசிருந்திருக்கிறது. அந்த இரும்பை வெட்ட ஒரு மிஷின், ஒட்ட ஒரு பசை, ஒட்டுவதற்கு ஒரு ஆள். இத்தனையும் வைத்து, வெளியே நாலு முத்திரையும் குத்தி, பாதுகாப்பானது என்று எழுதி அனுப்பியிருக்கிறான். அவன் வீட்டில் அதைச் செருகுவானா அவன்?

"எத்தன வித்தே?" என்று கேட்டார் அக்கா.

பன்னிரண்டு என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. தெரிந்துதான் சொன்னேன். முப்பத்தாறு வீட்டு வாசலில் என் கடைப் பெயர் நாறுவதைவிடப் பன்னிரண்டு வீடு பரவாயில்லை. பில் போடாத கடை, யாருக்கும் தெரியாது. பெயர் சொல்லு என்று நோட்டைத் திறந்தார். யார் யார் சண்டை போடமாட்டார்களோ அவர்களாகப் பார்த்துப் பன்னிரண்டு பெயர் சொன்னேன். பள்ளிக்கூடத்து வாத்தியார், தபால்காரர், வாயில்லாப் பூச்சியான பெட்டிக்கடைக்காரர், இப்படி. வடக்குத் தெரு கடைசி வீட்டுப் புவனா பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அவள் மாமியாருக்கு ஊரறிந்த வாய். பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு பாட்டம் பேசினால் ஒரு வாரத்துக்கு யாரும் கடைக்கு வரமாட்டார்கள். அந்தப் பெயரை விழுங்கினேன்.

அக்கா தன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மூன்று நாளில் பன்னிரண்டையும் வாங்கி வந்துவிட்டார். ஒவ்வொருவருக்கும் என் கடையில் இருந்த நல்ல சார்ஜரைக் கொடுக்க வைத்தார். பன்னிரண்டையும் வைஸில் வைத்து உடைத்தார். பன்னிரண்டு இரும்புத் துண்டுகளையும் ஷோகேஸ் கண்ணாடி மேல் வரிசையாக அடுக்கினார். நான் வாரிக் குப்பையில் போட்டேன். மறுநாள் காலையில் திரும்பவும் கண்ணாடி மேல் இருந்தன. அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. பேசினால் கத்துவேன், கத்தினால் அவர் என்னைவிடச் சத்தமாகக் கத்துவார்.

பேசாமல் இருந்த நாட்களில் அவர் என்னிடம் சொல்ல வேண்டியதை வருகிற ஆட்களிடம் சொன்னார். ரிமோட் சரிசெய்ய வந்த ஒருவரிடம் ஒருநாள், என் காதில் விழ வேண்டும் என்றே, பழைய கதையைச் சொன்னார். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் அடாப்டர் சோதிக்கும் மேசையில் அவருக்கு வேலை. ஒவ்வொன்றையும் பெரிய கரண்டில் ஒரு நிமிஷம் வைத்துப் பார்க்க வேண்டும்.

"ஒரு நிமிசமெல்லாம் வேணாம், தொட்டுட்டு எடுன்னான் சூப்பர்வைசரு. மாட்டேன்னேன். தூக்கி ஸ்டிக்கர் ஒட்டுற எடத்துல போட்டுட்டான். சோதிச்சதுன்னு எழுதியிருக்கும் அந்த ஸ்டிக்கர்ல. ரெண்டு மாசம் ஒட்டுனேங்க. சோதிக்காத சாமான் மேல, சோதிச்சதுன்னு, இந்தக் கையால. அதுல எத்தன எங்கெங்க எரிஞ்சுச்சோ."

ரிமோட்காரர் "உச்" கொட்டினார். நான் கவர் அடுக்குவது போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். இருபத்து நாலு பெயரும் என் தொண்டையில்தான் இருந்தன. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். எனக்கு ரோஷம். இவர் என்ன எனக்குச் சொல்வது என்கிற வீண் ரோஷம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும். சிங்கப்பூர் நம்பரிலிருந்து என் போனுக்கு அழைப்பு. புவனாவின் வீட்டுக்காரன். மாதாமாதம் அவன் மனைவி போனுக்கு நான்தான் ரீசார்ஜ் போடுவேன், அதனால் என் நம்பர் அவனிடம் இருந்தது.

"அண்ணே, ஓடிப் போயி பாருங்கண்ணே. வீடியோ கால் பேசிக்கிட்டே இருந்தா. போனு கீழ விழுந்துருச்சு. அரை நிமிசமா மேல ஓடு மட்டும்தாண்ணே தெரியுது. கூப்புடுறேன், சத்தமே இல்லண்ணே."

நான் செருப்பு போடவில்லை. அக்கா என்னைப் பார்த்தார், ஸ்கூட்டிச் சாவியை எடுத்தார், நான் பின்னால் ஏறினேன். வழி சொல்லும்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கும், இது பன்னிரண்டில் இல்லாத வீடு என்று. வண்டியை இன்னும் வேகமாக முறுக்கினார்.

புவனா தையல் மிஷினுக்குப் பக்கத்தில், கழுவிவிட்ட ஈரத் தரையில் கிடந்தாள். மாமியார் தலையை மடியில் வைத்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தார். வீட்டில் கரண்டு இல்லை. தெருவிலேயே இல்லை. மழைக்கு எங்கேயோ லைன் விழுந்து கரண்டு போயிருக்கிறது. அந்த நிமிஷத்தில் போனதால்தான் அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள். நாங்கள் நாள்தோறும் மின்சார ஆபீஸைத் திட்டித் தீர்க்கிற அந்தக் கரண்டு கட்தான் காப்பாற்றியது. நானோ, முத்திரை குத்தியவனோ அல்ல.

அக்கா முதலில் சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கினார். பிறகு நாங்கள் அவளை ஆட்டோவில் ஏற்றி அறந்தாங்கிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டாள். ஆனால் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கருகிப் போயிருந்தன. ஆறின பிறகும் மடங்கவில்லை. ஜாக்கெட்டுக்கு ஹூக் வைப்பதில் ஊரிலேயே அவள் கைதான் சுத்தம் என்று சொல்வார்கள். இப்போது அவளால் ஊசியில் நூல் கோர்க்க முடியாது.

அன்று மத்தியானம் கடைக்கு வந்ததும் அக்கா அந்தச் சார்ஜரை வைஸில் வைத்தார். எப்போதும் போல டப்பென்று உடைக்கவில்லை. மெதுவாகத் திருகினார். இரும்புத் துண்டு விழுந்தது. போர்டை லென்ஸுக்கு அடியில் வைத்து என்னைக் கூப்பிட்டார். வரப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து, அதன் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. கரண்டு நடந்து போன தடம்.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மொத்தம் எத்தன?" என்றார்.

"முப்பத்தாறு."

நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீயே எழுது."

எழுதினேன். எழுதி முடித்ததும் ஸ்கூட்டியில் ஏறச் சொன்னார்.

"நான் வண்டி ஓட்டுறேன். வாசல்ல நின்னு நீ சொல்லு. ஒன் வாயால சொல்லு, நான் வித்தது கெட்ட சாமான்னு."

மழையில் நனைந்துகொண்டே ஒவ்வொரு வீடாகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் அதைச் சொன்னேன். ரெண்டு பேர் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஒருத்தர், "நல்லாத்தானே இருக்கு, கனமா" என்று தர மறுத்தார். அக்கா போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அன்று கடைசியாகப் புவனாவின் மாமியாரிடம் போனேன். அவர் தெருவே கூடும்படி பேசினார். மண்ணை வாரித் தூற்றினார். எந்தச் சத்தத்துக்குப் பயந்து ஒரு பெயரை விழுங்கினேனோ, அந்தச் சத்தம் மொத்தமே ஒரு டீ குடிக்கிற நேரம்தான் நீடித்தது. அப்புறம் அவர் ஓய்ந்துபோய் என் முன்னாலேயே உட்கார்ந்து அழுதார். அதற்கா ஒரு பெண்ணின் ரெண்டு விரலைக் கொடுத்தேன்?

மறுநாளும் அலைந்தோம். மிச்சம் இருந்த இருபத்து மூன்றில் இருபத்திரண்டு கிடைத்துவிட்டது. ஒன்று கிடைக்கவில்லை. தொண்டி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு ஆள், வெளியூர். மஞ்சள் பை. கையில் வைத்து ரெண்டு தட்டு ஆட்டிப் பார்த்தார். கனத்தப் பாருங்கண்ணே என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. முகம் நினைவில்லை. பஸ் ஸ்டாண்டில் எழுதி ஒட்டினோம், தொண்டி வரை போய்க் கடை கடையாகக் கேட்டோம். ஒன்றும் பலிக்கவில்லை.

அக்கா அந்தத் தை மாதத்தோடு மேசையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார். என் மேல் கோபமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வைஸை மட்டும் விட்டுவிட்டுப் போனார். இன்றைக்கும் எந்தச் சரக்கு வந்தாலும் அதில் முதல் ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொங்கவிடுகிறேன். இரும்பு வைத்தவர்கள் இன்னும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒட்டுகிற இடம்தான் மாறியிருக்கிறது.

மழைக்காலம் தொடங்கினால் அக்காவிடமிருந்து ஒரு போன் வரும். எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டார், வியாபாரத்தைக் கேட்கமாட்டார். எடுத்தவுடன் ஒரே கேள்விதான்.

"அந்த ஒண்ணு கெடச்சுச்சா?"

"இல்லக்கா."

வைத்துவிடுவார்.